கீற்றுப் பந்தலும் பவளத் தொட்டியும்

தென்காசியில் வாழ்வோருக்கு வெயிலும் நிழலும் அடுத்தடுத்த வீட்டாரைப் போன்றவை. சித்திரையிலும் வைகாசியிலும் மொட்டைமாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க இயலாது. ஆனி பிறந்து, தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்துவிட்டாலோ, அதே மாடியில் நண்பகலும் அந்திபோல் மங்கிக் கிடக்கும். மலை முகிலைப் போர்த்துக்கொள்ளும். சாரல் தெருவெல்லாம் தூவும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் விடாது. ஊரார் குற்றாலத்துப் பேரருவியையும் ஐந்தருவியையும் நாடிப் புறப்படுவர். நாமும் புறப்படுவோம். ஆனால் அருவியில் நனைந்த தலை உலரும் முன்பே அங்குள்ள நாற்றுப் பண்ணைகளுக்குள் நுழைந்துவிடுவது நம் வழக்கம்.

குற்றால மலைச்சாரல் பழைய தோட்ட பூமி. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திலேயே ஜாதிக்காய், கிராம்பு முதலிய நறுமணப் பயிர்களை இங்கே நட்டுச் சோதித்திருக்கிறார்கள். இன்றும் சீசன் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கடைகளில் குவிந்து கிடப்பதைக் காணாதார் இல்லை. ஆசிரியப் பணியில் இருந்த நாள் தொட்டே நமக்குச் செடிகளின்மீது ஒரு பித்து. 2008ஆம் ஆண்டில் 24 ஜாதிக்காய்க் கன்றுகளை வாங்கி வந்து, வீட்டின் பின்புறத்தில் தென்னங்கீற்றுப் பந்தலிட்டு வளர்த்தோம். ஆடியில் வந்த கன்றுகள் பங்குனிக்குள் முழங்கால் உயரம் எட்டின. 'இன்னும் எத்தனை நாள் இருட்டில் வைத்திருப்பது? வெயில் பட்டால்தானே விரைந்து வளரும்?' என்று எண்ணி, ஒரு காலைப் பொழுதில் பந்தலை முழுவதும் பிரித்தெறிந்தோம். நல்லெண்ணத்தில் செய்த செயல்தான் அது. நான்காம் நாள் இலைகள் வெளிறின. ஏழாம் நாள் தீய்ந்த தாளைப்போல் ஓரம் சுருண்டன. மாத முடிவில் 17 கன்றுகள் மாண்டுபோயின.

நாற்றுப் பண்ணையில் நெடுங்காலம் வேலை பார்த்த முதியவர் ஒருவரிடம் போய்க் குறைபட்டுக்கொண்டோம். நீரில் குற்றமோ, மண்ணில் குற்றமோ என்று அடுக்கிய நம்மை அவர் கையமர்த்தினார்.

"பாய், கீத்தை ஒரே நாள்ல பிரிச்சா கன்னு தாங்குமா? முதல்ல நாலுல ஒரு கீத்தை உருவணும். எலை என்ன சொல்லுதுன்னு பாக்கணும். பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு. நம்ம அவசரம் நமக்கு; அதுக்கு ஓடி ஒளிய காலா இருக்கு?"

அந்தக் கடைசி வாக்கியம் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. கால் இல்லாத உயிருக்கு ஒளியின் அளவை நாம்தான் அறிந்து கொடுக்க வேண்டும். அப்பாடம் பத்தாண்டுகளுக்குப் பின் கடல் கடந்து ஷார்ஜாவில் இருந்த ஒரு கண்ணாடித் தொட்டிக்கும், அதன்பின் நம் குடும்பத்துக்கும் தேவைப்படும் என்று நாம் அப்போது கருதவில்லை.

நம் தம்பி 1999ஆம் ஆண்டில் ஷார்ஜாவுக்குப் போனவர். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. மனைவியும் மகளும் தென்காசியில், நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் விடுமுறை. எஞ்சிய நாட்களெல்லாம் அறையும் அலுவலகமுமே. 2014இல், ஊர் திரும்பிய ஒரு மலையாள நண்பர் தம் கடல்நீர்த் தொட்டியை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். மீன்களோடு உயிருள்ள பவளங்களும் அதில் இருந்தன. முதலில் கடமைக்காகப் பார்த்தவர், நாளடைவில் அதிலேயே தோய்ந்துவிட்டார். தொலைபேசியில் நலம் விசாரித்த பின் அவர் பேசுவது தொட்டியைப் பற்றியே. 'பேசத் துணையில்லாதவன் பவளத்தோடு பேசுகிறான்' என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பவளம் என்றதும் நம் வீட்டுப் பெண்டிர் நினைப்பது கழுத்தில் அணியும் செம்மணியைத்தான். அர்-ரஹ்மான் அத்தியாயத்தை ஓதுவோர் முத்தோடு சேர்த்து மர்ஜானும் அங்கே நினைவூட்டப்படுவதை அறிவர். நகைக்குரிய செம்பவளம், மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், ஒளி குன்றிய ஆழத்தில் வளர்வது. அதற்குக் கதிரவனின் தயவு தேவையில்லை. நாம் சொல்ல வந்தது வேறு வகை. பாறை கட்டும் பவளம். மான்கொம்பைப் போன்றும், மனித மூளையைப் போன்றும் உருவம் கொண்டு, வெதுவெதுப்பான கடலின் ஆழம் குறைந்த பகுதியில் வாழ்வது.

அது கல்லன்று, செடியுமன்று, பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் பல சேர்ந்து வாழும் குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் தனக்கடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்ளும். அதன் மெல்லிய தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கும். பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளத்தின் உணவுத் தேவையில் பெரும்பகுதி இவ்வாறே நிறைவேறும். பவளம் பாசிக்கு இருப்பிடமும் எருவும் கொடுக்கும். பவளப் பாறைகளில் நாம் காணும் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் இந்த விருந்தாளி கொடுத்த நிறமே. ஆகையால் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு விளக்கு என்பது அழகுக்கு உரிய பொருளன்று. அடுப்பு என்றே சொல்ல வேண்டும்.

தம்பியின் தொட்டியில் பழைய குழல்விளக்குகள் இருந்தன. மின்சாரம் மிகுதியாக இழுத்தன. ஆண்டுதோறும் மாற்ற வேண்டியும் இருந்தது. 2018இல் அவர் எல்.இ.டி. விளக்கு ஒன்றை வாங்கிப் பொருத்தினார். நீல ஒளி மிகுந்த விளக்கு அது. பொருத்திவிட்டுப் பார்த்தால் முன்பைவிட மங்கலாகத் தோன்றியிருக்கிறது. பவளங்கள் பசித்துக் கிடக்கப் போகின்றனவே என்று முழு அளவான நூறு விழுக்காட்டிலேயே அதை எரியவிட்டார்.

இங்கேதான் கண் அவரை ஏமாற்றியது. நம் கண் பச்சையையும் மஞ்சளையுமே மிகுதியாக உணரும். நீலத்தைக் குறைவாகவே உணரும். கடலிலோ சிவப்பு ஒளி மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நீலமே ஆழம்வரை இறங்கும். ஆகவே பவளத்தினுள் வாழும் பாசி நீல ஒளியை உண்டு பழகியது. நமக்கு மங்கலாகத் தெரிந்த விளக்கு அதற்கு உச்சி வெயில். பின்னர் ஒரு நண்பரிடமிருந்து பார் மீட்டரை இரவல் வாங்கித் தம்பி அளந்து பார்த்தார். பாசியும் பயிரும் பயன்படுத்தக்கூடிய ஒளியை மைக்ரோமோல் கணக்கில் காட்டும் கருவி அது. மேகமற்ற நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 2000. மூளைப் பவளம் இருந்த இடத்தில் பழைய விளக்கின் அளவு 80. புதிய விளக்கின் அளவு 260. கன்றின்மீது விழுந்த ஒளியை ஒரே இரவில் மும்மடங்குக்கு மேல் ஆக்கிவிட்டார். ஆனால் இந்தக் கணக்கு அவர் கைக்கு வந்தபோது காரியம் மிஞ்சியிருந்தது.

மூன்றாம் நாள் பாலிப்புகள் உள்ளே சுருங்கின. ஆறாம் நாள் மூளைப் பவளத்தின் உச்சி வெளிறியது. பத்தாம் நாள் பாதித் தொட்டி சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையாயிற்று. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு நம்மை அழைத்தவரின் குரல் உடைந்திருந்தது.

"எல்லாம் போச்சு, அண்ணே. நாலு வருஷம் பிள்ளை மாதிரி வளத்தேன். நாளைக்கு எடுத்து எறிஞ்சிடப் போறேன்."

நமக்குப் பவளத்தைப் பற்றி அன்று ஒன்றும் தெரியாது. அவர் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தோம். உச்சியில் வெளிறல், அடிப்பக்கத்தில் சிறிது நிறம். நிழலில் இருந்த துண்டுகள் நிறம் மாறாமல் இருந்தன. நம் ஜாதிக்காய்க் கன்றுகளின் இலைகளும் மேல்பக்கம்தான் முதலில் வெளிறின! "தம்பி, நீ கீற்றை ஒரே நாளில் பிரித்துவிட்டாய். எறியாதே, முதலில் நிழல் கொடு" என்றோம்.

அதன்பின் அவர் நூல்களையும் அனுபவம் உள்ளவர்களையும் நாடி அறிந்து நமக்குச் சொன்னது இது. ஒளி அளவு மீறும்போது பாசியின் சமையலறையில் தீ மூளுகிறது. பயன்படுத்த முடியாத ஒளியினால் நச்சுத்தன்மை கொண்ட ஆக்ஸிஜன் வகைகள் உண்டாகிப் பவளத்தின் தசையைத் தாக்குகின்றன. பவளம் வேறு வழியின்றித் தனக்கு உணவூட்டிய அந்தப் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. பாசி போனதும் தசை கண்ணாடிபோல் ஆகிவிடும்; அடியிலுள்ள வெண்சுண்ணாம்பு வெளியே தெரியும். வெளுத்தல் என்பது இதுவே. வெளுத்த பவளம் செத்த பவளமன்று. பட்டினி கிடக்கும் பவளம் அது. உரிய சூழல் மீண்டால் பாசி மறுபடியும் பெருகும். வாரங்களோ மாதங்களோ சென்று நிறம் திரும்பும். காலம் கடந்தால் பட்டினியே கொன்றுவிடும்.

தம்பி விளக்கை 30 விழுக்காட்டுக்கு இறக்கினார். அது ஏறத்தாழப் பழைய விளக்கின் அளவு. நோயுற்றவற்றுக்கு அதுவும் மிகுதி என்று, தொட்டியின் மேல் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக விரித்தார். அதைத்தான் 'நம்ம ஊர்க் கீத்து' என்று சொல்லிச் சிரிப்பார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்த விளக்கை ஆறு மணி நேரமாக்கினார். வெளுத்த துண்டுகளை ஒரே ஒரு முறை கீழே மணல்தரைக்கு இறக்கியதோடு சரி. இங்கும் அங்கும் மாற்றி அலைக்கழிக்கவில்லை. இரவில் பாலிப்புகள் விரியும்போது, நறுக்கிய இறாலைச் சொட்டுக்குழாயால் ஊட்டினார். பாசி தராத உணவை அவரே தந்தார் என்க.

இரண்டு வாரம் சென்றதும் ஒரு மடிப்பை எடுத்தார். பிறகு மற்றொன்றை எடுத்தார். அதன்பின் வாரத்துக்கு ஐந்து விழுக்காடு வீதம் விளக்கை ஏற்றினார். பாலிப் சுருங்கினாலோ, உச்சி வெளிறினாலோ, அந்த வாரம் ஏற்றம் இல்லை. முந்தைய அளவுக்கே திரும்பிவிடுவார். நாட்காட்டி சொன்னதைவிடப் பவளம் சொன்னதையே அவர் பெரிதாகக் கொண்டார். இப்படி 65 விழுக்காட்டை எட்டியதும் நிறுத்திக்கொண்டார். "நூறுக்குப் போகவில்லையா?" என்று நாம் கேட்டதற்கு, "எதுக்கு அண்ணே? விளக்கால முடியும்ங்கிறதுக்காக அதுக்கு வேணும்னு அர்த்தமா?" என்றார்.

பதினொரு துண்டுகளில் மூன்று மாண்டன. எட்டுப் பிழைத்தன. மூளைப் பவளம் ஆறு மாதம் கழித்து முன்னிருந்ததைவிடப் பச்சையாயிற்று. மிகுதியான ஒளிக்குப் பழகும் பவளங்களில் பல, ஒளிரும் நிறப்பொருளைத் தசைக்குள் சுரந்து குடைபோலப் பிடித்துக்கொள்ளும் என்பர். ஒளி குறைந்தாலோ, உள்ளிருக்கும் பாசி நிறத்தை அடர்த்தியாக்கிக்கொள்ளும், பவளம் பழுப்பேறும். இரு திசையிலும் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலை இறைவன் அச்சிற்றுயிருக்கு அளித்திருக்கிறான். அது கேட்பது அவகாசம் ஒன்றையே.

2021ஆம் ஆண்டின் இறுதியில் தம்பி வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். பவளங்களையும் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. தூத்துக்குடியிலிருந்து கேன்களில் கடல்நீர் கொண்டுவந்து தென்காசியிலேயே தொட்டி வைக்கலாம் என்று திட்டமும் தீட்டியிருந்தார். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காவல். நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதற்கும் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாடு உண்டு. தம்பி வருந்தினாலும் ஏற்றுக்கொண்டார். எட்டுத் துண்டுகளையும், விளக்கின் அளவு எழுதிய நோட்டுப் புத்தகத்தையும் அங்குள்ள நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார்.

இனி எழுதப்போவது எழுதத் தயங்கிய செய்தி.

தம்பி திரும்பியபோது அவர் மகளுக்கு வயது 14. பிறந்தது முதல் அவள் வாப்பாவைக் கண்ட நாட்களை எண்ணிவிடலாம். தொலைபேசிக் குரல், இரண்டாண்டுக்கு ஒரு பெட்டி நிறைய உடைகளும் இனிப்பும், முப்பது நாள் விருந்து, மீண்டும் குரல். பள்ளிக்கூடத்தில் கையெழுத்திட்டதும், காய்ச்சலென்றால் மருத்துவரிடம் கொண்டுபோனதும், மிதிவண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் பெரிய வாப்பாவாகிய நாமே. அதில் நமக்குப் பெருமையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

தம்பி வந்து இறங்கிய மறுவாரமே நாம் அப்பொறுப்பை விட்டு விலகிக்கொண்டோம். அவள் ஏதோ கையெழுத்துக்காக வந்தபோது, "இனி எல்லாம் உன் வாப்பாவிடம் கேள், அம்மா. அவர்தான் வந்துவிட்டாரே" என்று சொல்லி அனுப்பினோம். உரியவரிடம் உரிமையை ஒப்படைத்தோம் என்று நிறைவும் கொண்டோம்.

தம்பியோ, இழந்த பதினான்கு ஆண்டுகளையும் ஒரு மாதத்தில் ஈடுசெய்ய முனைந்தார். பஜ்ருக்கு எழுப்புவதில் தொடங்கி இரவு விளக்கணைக்கும்வரை அவர் கண் மகள்மேல் இருந்தது. நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருத்துவார். தோழியர் யார், அவர்களின் தகப்பன்மார் யார் என்று கேட்பார். தட்டில் சோறு மீந்தால் காரணம் கேட்பார். அன்பில்லாதவர் அவ்வளவு கேட்க மாட்டார். ஆனால் அந்தப் பெண் சுருங்கத் தொடங்கினாள். வாப்பா கூடத்தில் இருந்தால் அவள் அடுக்களையில் இருப்பாள். பேச்சு 'ஆம்', 'இல்லை' என்ற அளவில் நின்றது. அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் விழுந்தது. "ஒட்டுதலே இல்லாத பிள்ளை, அண்ணே. நான் யாருக்காக அங்கே கிடந்தேன்?" என்று தம்பி நம்மிடம் கலங்கினார்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது, அவள் நம் வீட்டுப் பின்புறத்தில், பிழைத்து நின்ற ஜாதிக்காய் மரத்தின் கீழே உட்கார்ந்திருந்தாள். நம்மைக் கண்டதும் எழுந்து, தலை குனிந்தபடி கேட்டாள்: "பெரிய வாப்பா, நான் உங்க வீட்டிலேயே இருந்துக்கவா?"

அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது. அதைவிடச் சுட்டது, அவள் நின்ற இடம். நாம் கீற்றைப் பிரித்தெறிந்த இடம் அது. தம்பி விளக்கை நூறில் வைத்தார் என்று குறை கூற நமக்கு வாயில்லை. பதினான்கு ஆண்டுகள் நிழலாய் நின்றுவிட்டு, ஒரே நாளில் பந்தலை உருவிக்கொண்ட கை நம்முடையதே. ஒரு முறை 17 கன்றுகளை இழந்து கற்ற பாடத்தை, வீட்டுப் பிள்ளை விஷயத்தில் மறந்துவிட்டோம்.

அன்றிரவு தம்பியை மாடிக்கு அழைத்தோம். நெடுநேரம் சாரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டோம்: "தம்பி, உன் விளக்கை எத்தனையில் வைத்திருக்கிறாய்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. எதைக் கேட்கிறோம் என்பது விளங்கியதும் கண் கலங்கிற்று. "முதல் நாளே நூறு, அண்ணே" என்றார். நாமும் நம் குற்றத்தை அவரிடம் சொன்னோம். இருவருமாகப் பேசி முடித்தது இதுதான்: கையெழுத்தும் பள்ளிக் காரியமும் அந்த ஆண்டு முடியும்வரை நம்மிடமே இருக்கட்டும், தம்பி கேள்வி கேட்பதை நிறுத்தி, அவள் கேட்டால் மட்டும் விடை சொல்லட்டும், நாளுக்கு ஒருவேளை உணவு மட்டும் சேர்ந்து உண்ணட்டும். அந்த ஒரு வேளையும் அவள் சுருங்காத அளவே.

தம்பி கூடத்தில் ஒரு சிறு நன்னீர்த் தொட்டி வைத்தார். கப்பி மீன்கள் சில, நீர்ச்செடிகள் சில. செடிகள் பழகும்வரை விளக்கின்மேல் கொசுவலைத் துணி கட்டியிருந்தார். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. மூன்றாம் வாரம் அவளாகவே வந்து, "எதுக்கு வாப்பா விளக்குக்குத் துணி கட்டியிருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரு தகப்பன் மகளிடம் ஷார்ஜாவின் பத்தாம் நாள் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். தன் தனிமையைப் பற்றியும் அன்று சொல்லியிருக்கிறார் என்று பின்னர் அறிந்தோம்.

வெளுத்த இடமெல்லாம் நிறம் திரும்பிவிட்டது என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் பதினொன்றில் மூன்று மீளவில்லை என்பதையும் நாம் அறிவோம். தந்தையும் மகளும் பேசிக்கொள்ளாத பதினான்கு ஆண்டுகள் உண்டு, அவை திரும்பா. அவர்களுக்கிடையில் இன்று உள்ளது அதன்பின் தழைத்த உறவு. 65 விழுக்காடு என்று தம்பி சிரித்தபடி சொல்வார். அது போதும் என்றும் சொல்வார்.

2024ஆம் ஆண்டு கோடையில் அவள் பிளஸ் டூவில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். உலகக் கடல்களில் நான்காவது முறையாகப் பெருவெளுப்பு நிகழ்வதாக அந்த ஏப்ரலில் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். இலட்சத்தீவுப் பவளங்கள் கடுமையாக வெளுத்ததை நம் நாட்டு மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்துரைத்தார்கள். அச்செய்தியைப் படித்துவிட்டு வந்தவள் கேட்டாள்: "பெரிய வாப்பா, தொட்டியிலேன்னா வாப்பா விளக்கைக் குறைச்சாங்க. கடல்ல யார் குறைப்பாங்க?"

கேள்வியில் நியாயம் உண்டு. கடல்நீர் கோடைக்குரிய உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றாலே பவளம் வெளுக்கும். வெப்பத்தால் நலிந்த பாசிக்கு நேற்றுவரை உணவாக இருந்த அதே ஒளி இன்று நஞ்சாகிறது. நமக்கு அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பின்னரும் சுண்ணாம்புக்காகப் பவளக் கற்களை வெட்டியெடுத்ததுண்டு. 2005ஆம் ஆண்டளவில்தான் அது ஓய்ந்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். நாற்று நடுவதைப் போன்ற வேலை. ஆஸ்திரேலியாவில் 2020இல், கடல்நீரை நுண்துளிகளாக மேலே தூவி மேகத்தை வெண்மையாக்கி, பவளத் திட்டுக்கு நிழல் தர முடியுமா என்று சோதனையே நடத்தினார்கள். கடலுக்குக் கீற்றுப் பந்தல்!

இவற்றையெல்லாம் அவளிடம் சொன்னோம். அவள் நிறைவடையவில்லை. "அது சின்னப் பந்தல்தானே? கடல் பெருசாச்சே?" என்றாள். உண்மைதான். கடலைச் சூடாக்கும் புகை உலகெங்கும் உள்ள மனிதரின் அடுப்பிலிருந்தும் ஆலையிலிருந்தும் வண்டியிலிருந்தும் எழுகிறது. அந்த விளக்கைக் குறைக்கும் திருகு ஒருவர் கையில் இல்லை. எல்லோர் கையிலும் சிறிது சிறிதாக இருக்கிறது. அதனால்தான் எவரும் தொடாமல் இருக்கிறோம்.

ஆனாலும் ஒன்று சொல்லி அவளை அமர்த்தினோம். சித்திரை வைகாசியில் கொதிக்கும் மன்னார் வளைகுடா, தென்மேற்குக் காற்று எழுந்ததும் குளிரத் தொடங்கும். காற்று நீரைக் கலக்கும். கலங்கிய நீர் உள்ளே இறங்கும் ஒளியைக் குறைக்கும். அந்த ஆண்டுக்கு மிஞ்சிய பவளங்கள் மூச்சு விடுவது அப்போதுதான். நம் ஊரில் சாரலாக இறங்கும் அதே காற்று அது. நமக்கு அருவியும், கடலுக்கு நிழலுமாக இறைவன் ஆண்டுதோறும் அனுப்பும் அருள் அது. அவன் ஒரே நாளில் கோடையைக் கொண்டுவருவதுமில்லை. ஒரே நாளில் கோடையை எடுத்துவிடுவதுமில்லை. மாசியில் சிறிது, பங்குனியில் சிறிது என்று ஏற்றுகிறான்; ஆனியில் சிறிது, ஆடியில் சிறிது என்று இறக்குகிறான். அவசரம் நம்முடையது.

இந்த ஆண்டும் குற்றாலத்திலிருந்து ஜாதிக்காய்க் கன்றுகள் வாங்கி வந்திருக்கிறோம். பந்தலுக்குக் கீற்று முடைந்தவர் தம்பி. எந்தக் கீற்றை எப்போது உருவுவது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவள் அவர் மகள். அட்டவணையின் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: 'இலை வெளிறினால் இந்த அட்டவணை செல்லாது.' அதன் கீழே தம்பி கையெழுத்திட்டிருக்கிறார்.